குளிர்ந்த நிலையில் அனுப்ப வேண்டிய திருப்தி

பொதுச் சுகாதாரத் தலைமை ஆய்வுக்கூடத்திலிருந்து சிவப்புக் கரை போட்ட உறை வந்ததும் சின்ன ஆய்வுக்கூடம் ஒன்றின் பொறுப்பாளரான பூதக்கண்ணாடிக்கு நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. அக்காவின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது என்று நினைத்தார். பிரித்தால் உள்ளே முடிவு இல்லை, கேள்விதான் இருந்தது. எங்கள் உறுதிப் பரிசோதனைச் சேவையில் நீங்கள் எந்த அளவுக்குத் திருப்தியாக இருக்கிறீர்கள் என்று தலைமைக் கூடம் அன்போடு விசாரித்திருந்தது.

அன்பைக் கண்டதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உறையைத் திருப்பி முகவரியைச் சரிபார்த்தார். தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே வேறு எழுத்து ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தார். கோழியைக் கேட்டு மசாலா அரைக்கிற வழக்கம் எந்த அலுவலகத்திலும் கிடையாது. கேட்கிறார்கள் என்றால் மசாலா ஏற்கெனவே அரைத்தாகிவிட்டது என்றுதான் பொருள்.

பூதக்கண்ணாடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாளராக வந்த புதிதில், குடிக்கக் கொடுத்த தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியைக் குடித்தாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். ஆள் கெட்டவர் அல்ல. எதையும் ஒரு தடவை பார்த்து நம்பமாட்டார், அவ்வளவுதான். வெளியே அனுப்பும் மாதிரிப் பெட்டிகளைக்கூட நீல நாடாவால் இறுக்கி, தாமே கண்டுபிடித்த ஒரு முடிச்சைப் போட்டுத்தான் அனுப்புவார். யாராவது பிரித்துவிட்டு மறுபடி கட்டினால் தமக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த முடிச்சோடு மல்லுக்கட்டியவர்கள் அவரை எப்படி வாழ்த்தியிருப்பார்கள் என்பது நமக்கு வேண்டாம்.

இப்படிப்பட்டவர் கையில்தான் சொந்த அக்காவின் மாதிரி வந்து மாட்டியது.

அக்கா ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரி. சமைப்பவர்கள் டைஃபாய்டு கிருமியைச் சுமக்கிறார்களா என்று ஆண்டுக்கொரு முறை அவர்களுடைய மலத்தை வாங்கிச் சோதிப்பது வழக்கம். காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லாமல், கல்லுக்குண்டு மாதிரி இருந்துகொண்டே கிருமியைச் சுமப்பவர்கள் உண்டு. அக்காவின் மாதிரியைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தபோது சந்தேகத்துக்கு இடமாக ஏதோ முளைத்திருந்தது. வேறு தம்பியாக இருந்தால் கண் கொஞ்சம் மங்கியிருக்கும். பூதக்கண்ணாடிக்கு மங்கவில்லை. 'சந்தேகம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே அக்காவுக்கு விடுதியில் வேலையும் போனது, விடுதியோடு சேர்ந்திருந்த அறையும் போனது. ஒரு பையோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

விதி என்னவென்றால், சின்னக் கூடம் சந்தேகப்படலாம், உறுதி செய்யக் கூடாது. உறுதி செய்கிற உரிமை தலைமைக் கூடத்துக்கு மட்டும்தான். ஆகவே தட்டில் முளைத்ததைப் பெட்டியில் வைத்து, பனிக்கட்டி சுற்றி, முடிச்சுப் போட்டு அங்கே அனுப்பினார். இதற்கிடையில் அக்கா மருந்தையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தாள். அப்புறம் அவளை மறுபடி மறுபடி சோதித்துப் பார்த்தார். ஒன்றும் முளைக்கவில்லை. தட்டு துடைத்த மாதிரி இருந்தது. ஆனால் 'இல்லை' என்று சொல்வதும் உறுதி செய்கிற கணக்கில்தான் சேரும். அதற்கும் தலைமைக் கூடம்தான் வாயைத் திறக்க வேண்டும். தலைமைக் கூடமோ வாயில் கொழுக்கட்டையை வைத்திருந்தது.

வீட்டில் அக்காவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. அவர் மனைவி இதைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கிருமி எப்படியெல்லாம் பரவும் என்று கல்யாணமான நாளிலிருந்து பாடம் எடுத்தவரே கணவர்தான். ஒரு விடுதிக்கே ஆக்கிப் போட்டவள், அடுப்படி வாசலுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, தம்பி மனைவி காய் நறுக்குகிற அழகைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். தினமும் மத்தியானம் ஆய்வுக்கூட ஜன்னலுக்கு வந்து, "வந்துச்சாடா?" என்று கேட்பாள். "இல்லக்கா" என்பார். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும்போது அவருக்கு நாக்குக் கூசும். வேலைக்கு உலை வைத்ததும் நான், உட்கார வைத்து வேடிக்கை பார்ப்பதும் நான் என்று உள்ளே ஒன்று அவரைக் குடைந்துகொண்டே இருந்தது.

இந்த நிலைமையில்தான் திருப்தியா என்ற கேள்வி.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவியிடம் காட்டினார். 'உங்கள் பெயரைக் குறிப்பிடத் தேவையில்லை, மனம் திறந்து பதில் சொல்லுங்கள்' என்று மேலே போட்டிருந்தது. அதற்கு நேர் கீழே அவருடைய கூடத்தின் எண்ணை அச்சடித்திருந்தார்கள். பதில்களுக்கு நான்கு கட்டங்கள்: மிகுந்த திருப்தி, திருப்தி, போதுமான திருப்தி, இனிமேல் திருப்தி அடைய இருக்கிறேன்.

மனைவி தாளை வாங்கவே இல்லை, தூர இருந்தே படித்தாள்.

"ஏங்க, இது ஆழம் பாக்குறாங்க. குறை சொன்னா அண்ணியோட பெட்டிய அடியில தள்ளிருவாங்க. நல்லாருக்குன்னு சொன்னா, அப்ப எதுக்குய்யா அவசரம்னு கேப்பாங்க. பேசாம தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிருங்க."

அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அடியில் 'தொலைந்துவிட்டது என்போர் இரண்டாம் பக்கம் பார்க்க' என்று இருந்தது. தலைமைக் கூடத்துக்கும் இவர்களைப் பற்றிச் சந்தேகம் இருந்திருக்கிறது. பொறுத்துப் பார்த்துவிட்டு, நான்கு கட்டங்களையும் விட்டு ஓரத்தில் எழுதினார்: 'முடிவே வரவில்லை. ஆகவே திருப்தி இல்லை.' அதை அனுப்பிய அன்று அவருக்கு மனம் கொஞ்சம் லேசானது. உண்மை பேசினால் சிறிது நேரம் அப்படி இருக்கும்.

அந்தப் படிவம் திரும்பி வந்தது. தலைமைக் கூடத்தில் பழக்க தோஷம். வந்து சேருகிற எதையும் மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். மலமோ சளியோ மனக்குறையோ, அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். மேலே பெரிய முத்திரையாக 'ஏற்கப்படவில்லை' என்று குத்தி, காரணங்களை எழுதியிருந்தார்கள். கட்டத்துக்கு வெளியே எழுதியதால் கொள்கலன் கசிந்திருக்கிறது. ஒரே வரி என்பதால் மாதிரியின் அளவு போதாது. பதிலில் சூடு தெரிகிறது, ஆகவே வழியில் குளிர்நிலை காக்கப்படவில்லை. தயவுசெய்து புதிய மாதிரியைக் குளிர்ந்த நிலையில் மறுபடி அனுப்பவும். அடியில் ஒரு குறிப்பும் இருந்தது. சின்னக் கூடங்கள் தெரிவிக்கும் அதிருப்தி வெறும் சந்தேகமாகவே கொள்ளப்படும். அது உண்மையான அதிருப்திதானா என்று உறுதி செய்யும் உரிமை தலைமைக் கூடத்துக்கு மட்டுமே உண்டு.

பூதக்கண்ணாடி இதைப் படித்துக் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவருக்கு வந்தது ஒருவிதக் குழப்பம்தான். விதிப்படி பார்த்தால் அதில் தப்பு இல்லை. இத்தனை வருஷமாக அவரும் மற்றவர்களுடைய மாதிரிகளை இதே வார்த்தைகளில்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

தொலைபேசியில் கேட்டுப் பார்த்தார். முடிவு கேட்கிற எண்ணை எடுத்தவர், அந்தப் பிரிவில் இருந்த எல்லோரையும் திருப்திப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். அப்படியானால் நீங்கள் யார் என்று இவர் கேட்க, நான் மாற்றப்பட்டதைச் சொல்வதற்காக வைக்கப்பட்டவன் என்று பதில் வந்தது. தொலைபேசியை வைப்பதற்கு முன்பு, இந்த அழைப்பில் திருப்தியா என்று அவர் கேட்டார். இவர் யோசிக்க வேண்டும் என்றார். யோசியுங்கள், நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அந்த ஆள் பிடித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒரு நாள் திருப்தி அலுவலரே நேரில் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத சிரிப்பு. கூடவே இரண்டு பேர். ஒருவர் உருண்டை முகம், எதைப் பார்த்தாலும் தலையாட்டினார். இன்னொருவர் ஒட்டிய முகம், வாசற்படியிலேயே படி உயரம் சரியில்லை என்றார்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு முறை உண்டு. எந்தச் சோதனையைச் செய்தாலும், கிருமி நிச்சயமாக இருக்கிற மாதிரி ஒன்றையும், நிச்சயமாக இல்லாத மாதிரி ஒன்றையும் பக்கத்திலேயே வைத்துச் சோதிப்பார்கள். அவை இரண்டும் சொன்னபடி நடந்தால்தான் நடுவில் இருப்பதன் முடிவை நம்பலாம். அந்த இரண்டுக்கும் கன்ட்ரோல் என்று பெயர். அலுவலர் தன் ஆட்களை அறிமுகம் செய்துவைத்தார்.

"இவர் பாசிட்டிவ் கன்ட்ரோல். எதக் குடுத்தாலும் திருப்தி. எங்ககிட்டதான் வேல பாத்து ஓய்வு பெற்றார். அவர் நெகட்டிவ் கன்ட்ரோல். பொறந்ததுலருந்து எதுலயும் திருப்தி இல்ல. சர்டிபிகேட் இருக்கு. நடுவுல நீங்க உக்காருங்க சார்."

பூதக்கண்ணாடி நடுவில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். யார் எதை எழுதிக்கொள்கிறார்கள் என்று அவருக்கு ஒரே கவலை. அலுவலர் ஒவ்வொரு கேள்வியையும் மூன்று பேரிடமும் கேட்டார். உருண்டை முகம் கேள்வி முடிவதற்குள் பிரமாதம் என்றது. ஒட்டிய முகம் நாற்காலி ஆடுகிறது, காற்றாடி சுற்றுகிறது, கேள்வி நீளம் என்றது. இவர் முறை வரும்போது, முடிவு வரவில்லை என்ற பழைய பாட்டையே பாடினார்.

நல்ல சமயத்தில் ஜன்னலில் அக்கா வந்து நின்றாள். வந்துச்சாடா என்று கேட்க வந்தவள், வந்திருப்பவர்களைப் பார்த்துச் சும்மா இருந்தாள். ஒட்டிய முகக்காரர் காற்று வேண்டும் என்று ஜன்னலோரம் போனார். அவளிடமும் புலம்ப ஆரம்பித்தார். வண்டி குலுக்கல், இடுப்பு வலி, மருமகன் மதிப்பதில்லை. அக்கா விடுதியில் பிள்ளைகளின் புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் காது பழகியவள். குறுக்கே பேசாமல், "ம்" கொட்டி, இடுப்புக்கு எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறீர்கள், மருமகன் மூத்த பெண்ணுக்கா இளையவளுக்கா என்று விசாரித்து, கடைசிவரை கேட்டாள். அரை மணி நேரம் போல ஆயிற்று. அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அலுவலர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"திருப்திதான்" என்றார் ஒட்டிய முகக்காரர்.

அலுவலரின் சிரிப்பு முதல் தடவையாகக் கலைந்தது.

"என்ன சொன்னீங்க?"

"மனசு நெறஞ்சிருக்குய்யா. என் ஆயுசுல ஒருத்தர் முழுசா கேட்டதில்ல."

அவ்வளவுதான், சோதனை பாழ். நெகட்டிவ் கன்ட்ரோல் கெட்டுப்போனால் முழுத் தொகுதியும் செல்லாது. அலுவலர் படிவங்களைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். ஜன்னலில் நின்ற பெண் யார், அவளை அங்கே நிறுத்தியது யார், இது திட்டமிட்ட கலப்படமா என்று துருவித் துருவிக் கேட்டார். அக்கா என்றதும் அவர் கண் சுருங்கியது. அக்காவின் முடிவுக்காகத்தான் காத்திருக்கிறேன், அதை அனுப்பினால் இந்த நிமிஷமே திருப்தி என்று பூதக்கண்ணாடி சொல்லிப் பார்த்தார்.

அலுவலர் பரிதாபப்பட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"சார், நீங்களும் நம்ம தொழில்தான். சோதன நடக்கும்போது நடுவுல எதையாவது ஊத்துவோமா? இப்ப நாங்க முடிவு அனுப்பினா உங்க திருப்தி கூடிரும். அப்ப நாங்க அளந்தது எத? அதனாலதான் சர்வே தொடங்குன அன்னைக்கே எல்லாச் சோதனையையும் நிறுத்திட்டோம். எல்லாக் கூடமும் பதில் குடுத்தாச்சு. எல்லாரும் மிகுந்த திருப்தி. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. உங்களாலதான் எல்லாருக்கும் நிக்குது."

உருண்டை முகக்காரர், இதுவும் நல்ல ஏற்பாடுதான் என்றார்.

அன்று மாலை விடுதி வார்டனம்மா சொல்லி அனுப்பினார். பள்ளி திறக்கிற நாளுக்குள் உறுதிச் சான்று வராவிட்டால் தற்காலிகமாக வந்த சமையல்காரனையே நிரந்தரமாக்கப் போகிறார். அக்கா அதைக் கேட்டுவிட்டுத் தன் தனி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "பரவால்லடா, வேற எங்கயாச்சும் பாத்துக்கலாம்" என்றாள். கிருமி சந்தேகம் என்று பெயர் எடுத்த சமையல்காரியை வேறு எந்த அடுப்பு சேர்த்துக்கொள்ளும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பூதக்கண்ணாடி வெளியே போனார். ஆய்வுக்கூடத்தைத் திறந்து, புதுப் படிவத்தை எடுத்து, எல்லாக் கேள்விக்கும் 'மிகுந்த திருப்தி' என்று டிக் அடித்தார். பனிக்கட்டி சுற்றிப் பெட்டியில் வைத்துக் குளிர்ந்த நிலையில் அனுப்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணால் காணாத ஒன்றுக்கு அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பலன் உடனே கிடைத்தது. அவருடைய திருப்தி தலைமைக் கூடத்தில் மூன்று தட்டுகளில் சோதிக்கப்பட்டு, ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்யப்பட்டதாகக் கடிதம் வந்தது. கடைசியாகத் திருப்தி அடைந்தவர் என்ற முறையில் பாராட்டு விழாவில் கேடயம் பெற்றுக்கொள்ள அழைத்திருந்தார்கள். அக்காவின் முடிவு பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை. நேரில் கையில் கொடுப்பார்களாக இருக்கும் என்று மனைவி சொன்னாள். அவர் நம்பவில்லை, ஆனால் போனார்.

தலைமைக் கூடம் பளபளவென்று இருந்தது. பெரிய குளிர் அறையின் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார். உள்ளே அடுக்கடுக்காகத் திருப்திப் படிவங்கள், உறைநிலையில். மாதிரிப் பெட்டிகளுக்கு இடம் பற்றாததால் அவற்றை வெளியே நடைபாதையில் ஓரமாகக் குவித்திருந்தார்கள். அதையும் பார்த்தார். மூக்கும் பார்த்தது.

மேடையில் 'திருப்தியே எங்கள் முடிவு' என்று ஒரு பெரிய பதாகை. இயக்குநர் பேசினார். நல்ல குரல், கையில் குறிப்பு இல்லாமல் மனசிலிருந்து வருகிற பேச்சு.

"இந்த அரையாண்டுல நம்ம கூடத்துலருந்து ஒரு தப்பான முடிவுகூட வெளிய போகல. ஒண்ணே ஒண்ணுகூட. முன்னாடி அவசர அவசரமா சோதிச்சோம், அனுப்பினோம், குறை வந்துச்சு. இப்ப சோதிக்கல, குறையும் இல்ல. இதுலருந்து என்ன தெரியுது? குறைக்கெல்லாம் காரணம் சோதனைதான். எல்லாக் கூடமும் மிகுந்த திருப்தி. திருப்தி அடைஞ்சவங்களுக்கு அதுக்கு மேல என்ன குடுக்க முடியும்? அதனால நிலுவைல இருந்த சாம்பிள் அத்தனையும் தேவை இல்லன்னு முடிச்சு வெச்சுட்டோம்."

கூட்டம் கைதட்டியது. எல்லாம் அவரைப் போன்ற சின்னக் கூடத்துக்காரர்கள்தான். ஒவ்வொருவரும் பக்கத்து ஆளின் கை தட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே தட்டினார்கள். இவர்களும் யாருக்காவது பயந்துதான் டிக் அடித்திருப்பார்கள் என்று பூதக்கண்ணாடிக்கு அப்போதுதான் உறைத்தது.

தலையைக் குனிந்தபோது அதைப் பார்த்தார். காற்றில் சாயாமல் இருக்கப் பதாகையின் இரண்டு கால்களுக்கும் பாரமாகப் பெட்டிகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். இடதுபக்கக் காலுக்கு அடியில் நீல நாடா. பனிக்கட்டி எப்போதோ உருகிக் காய்ந்து, அட்டை உப்பியிருந்தது. முடிச்சு மட்டும் அவர் போட்டபடியே இருந்தது. யாரும் தொடவே இல்லை.

கேடயம் வாங்க அவரை அழைத்தார்கள். மேடையேறினார். கேடயத்தின் பக்கம் போகாமல் குனிந்து பெட்டியை உருவி எடுத்துக்கொண்டு மறுபக்கம் இறங்கினார். பதாகை மெல்லச் சாய்ந்தது. பெரிய அதிகாரிகள் இருவர் ஆளுக்கொரு பக்கம் எழுந்து அதைப் பிடித்துக்கொண்டு மீதிப் பேச்சை நின்றபடியே கேட்டார்கள். இயக்குநர் நிறுத்தவில்லை.

வாசலில் காவலாளி மறித்தார். உள்ளே வருவதைத்தான் அங்கே பார்த்துப் பழக்கம், வெளியே போகிற பெட்டியைக் கண்டு அவருக்குச் சந்தேகம்.

"உள்ள என்ன?"

"எங்க அக்கா" என்றார் பூதக்கண்ணாடி.

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பைத்தியத்தோடு எதற்கு வம்பு என்று கதவைத் திறந்துவிட்டார். வாசலில் நடத்திய விதம் திருப்தியா என்று ஒரு சீட்டையும் நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் வாசலுக்கு வெளியே பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அக்கா வந்தாள். "வந்துச்சாடா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், நாடாவைப் பார்த்து நின்றாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். பயந்து டிக் அடித்ததையும் சொன்னார். மனைவி நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா அழவில்லை. முடிச்சைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏண்டா தம்பி, அப்ப இத யாருமே பாக்கலயா?"

"இல்லக்கா."

"அப்ப எனக்குக் கிருமின்னு சொன்னது நீ ஒருத்தன்தான?"

"ஆமாக்கா. சந்தேகம்னுதான் எழுதுனேன்."

"உன் ஒரு கண்ண நம்பித்தான் என்னைய அன்னைக்கே வெளிய அனுப்புனாங்க. ஒறுதி வரட்டும்னு யாரும் பொறுக்கல. இப்ப அதே கண்ணு ஒண்ணும் இல்லங்குது. அத மட்டும் ஏன்டா நம்ப மாட்டேங்குறாங்க? அவங்கள விடு. நீயே நம்ப மாட்டேங்குற."

பூதக்கண்ணாடி எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார். சாப்பிடாமலே ஆய்வுக்கூடத்துக்குப் போனார். நாள் கடந்த கிருமியை என்ன செய்ய வேண்டுமோ அந்த முறைப்படி பெட்டியைக் கொதிகலனில் வைத்து அழித்தார். பிறகு வெள்ளைத் தாளில், இந்தப் பெண்ணை நானே பலமுறை சோதித்தேன், கிருமி இல்லை, இதற்கு நானே பொறுப்பு என்று எழுதி, தன் கூடத்தின் சின்ன முத்திரையைக் குத்தி, விடுதிக்கு நடந்தார்.

வார்டனம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அதில் பூதக்கண்ணாடிக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை.

"தலைமைக் கூடத்து சீல் இல்லையே" என்றார் வார்டனம்மா.

"அன்னைக்கு அவங்கள அனுப்புன தாள்லயும் இல்ல மேடம். இதே சீல்தான்."

"நீங்க அவங்க தம்பியாமே?"

"அன்னைக்கும் தம்பிதான்."

வார்டனம்மா யோசித்தார். கெட்டவர் அல்ல, பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். தலைமைக் கூடத்துச் சான்று வரும்வரை அக்கா சமைக்கலாம். ஆனால் தினமும் மத்தியானம் பிள்ளைகளுக்கு முன்னால் முதல் தட்டை, வார்டனம்மா கண் எதிரே, தம்பி உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அன்றிலிருந்து தினமும் அதுதான் நடக்கிறது. அக்கா பரிமாறுகிறாள், அவர் சாப்பிடுகிறார், எதிரே நாற்காலி போட்டு வார்டனம்மா அவர் முகத்தையே உற்றுப் பார்க்கிறார். டைஃபாய்டு ஒரு வாய் சாப்பிட்டதும் முகத்தில் தெரிந்துவிடுகிற நோய் அல்ல என்று பூதக்கண்ணாடிக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லவில்லை. மாதம் தவறாமல் அக்காவின் மாதிரியைத் தம் கூடத்தில் சோதிக்கிறார், தாமே கையெழுத்துப் போடுகிறார். அக்காவின் தனி டம்ளர் இப்போது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மனைவிதான் மற்ற டம்ளர்களோடு கலந்துவிட்டாள்.

தலைமைக் கூடத்திலிருந்து போன வாரம் மறுபடி சிவப்புக் கரை உறை வந்தது. சென்ற திருப்தி ஆய்வு உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். உறை பிரித்தபடி மேசையில் கிடக்கிறது.

இன்று மத்தியானம் அக்கா கரண்டியோடு பக்கத்தில் வந்து நின்றாள். வார்டனம்மா முன்னால் சாய்ந்து கண்ணைக் கூர்மையாக்கிக்கொண்டார்.

"போதுமாடா? இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

யார் எழுதிக்கொள்வார்கள், எந்தக் கட்டத்தில் விழும், எங்கே போய்ச் சேரும் என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை.

"வைக்கா" என்று தட்டை நீட்டினார்.